குழலின் கழுத்தில் தொங்கும் மாற்றுச் சீவாளி

நாதஸ்வரக்காரர் ஊதத் தொடங்குமுன் அவர் கையிலுள்ள குழலின் மேல்முனையைப் பார்த்தால், நூலில் கோத்த ஒரு கொத்து தொங்குவது தெரியும். மூன்று நான்கு மாற்றுச் சீவாளிகள், தந்தத்திலோ கொம்பிலோ செய்த ஒரு சின்ன ஊசி. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் குஞ்சம். ஊதுகிறவருக்கு அதுதான் உயிர்நாடி. சீவாளிக்குள் எச்சிலோ வெற்றிலைத் துணுக்கோ அடைத்துக்கொண்டால் ஊசியை விட்டு எடுக்க வேண்டும். நுனி கீறிப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றைக் குழலின் மேல்முனையிலுள்ள கெண்டையில் செருக வேண்டும். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ராகம் பாதியில் நிற்கும்போது, இதைச் செய்தாக வேண்டும். கருவி கச்சேரி நடுவே கெடும் என்பதை முன்பே ஒப்புக்கொண்டு, மாற்றையும் பழுது பார்க்கும் ஊசியையும் அதன் கழுத்திலேயே கட்டிவிட்டார்கள் நம் முன்னோர்.

தென்காசிச் சீமையின் மேள வரலாற்றை இந்தக் கொத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். புளியங்குடி, வாசுதேவநல்லூர், கடையநல்லூர், சங்கரன்கோவில், குற்றாலம் என்று மலையடிவாரத்திலும் அதற்குக் கிழக்கேயும் உள்ள இந்த ஊர்களில் இசை பெரும்பாலும் மண்டபத்துக்குள் உட்கார்ந்து கேட்டதல்ல. தெருவில் நடந்து கேட்டது, கோவில் வாசலில் நின்று கேட்டது, கொடை இரவுகளில் விடிய விடிய விழித்திருந்து கேட்டது. வெயிலும் காற்றும் சாரலும் நேராக வந்து கருவிமேல் விழும். அரங்கத்து வித்வானுக்கு எப்போதாவது நேரும் சங்கடம் இங்கே அன்றாட வேலையின் ஒரு பகுதி. அதைச் சமாளிக்கும் முறைகளும் அதனால்தான் இங்கே ஆழமாக வேரூன்றின.

சீவாளி என்பது என்ன? நாணல் இனத்தைச் சேர்ந்த கொறுக்கைத் தட்டையை நறுக்கி, உலர்த்தி, வேகவைத்து, தட்டையாக அழுத்தி, அடியில் நூல் சுற்றிக் கட்டிய இரட்டை நாக்கு. விரல் நுனி அளவுதான் இருக்கும். இதற்குப் பேர்போன ஊர் காவிரிக் கரையிலுள்ள திருவாவடுதுறை. சீவாளி உலர்ந்திருந்தால் பேசாது. அதிகம் நனைந்தால் இரண்டு நாக்கும் ஒட்டிக்கொள்ளும். ஊதுமுன் நாயனக்காரர் அதை வாயில் வைத்து எச்சிலால் ஊறவைப்பதும், விரலால் மெல்ல அமுக்கிப் பார்ப்பதும், தனியே ஒருமுறை ஊதிப் பார்ப்பதும் இந்தப் பதத்தைப் பிடிப்பதற்காகத்தான். ஒரே நாணலில் ஒரே கையால் செய்த இரண்டு சீவாளிகள்கூட ஒன்றுபோல் பேசுவதில்லை. காலை நேரத்துக்குச் சரியாக இருந்தது மதிய வெயிலில் முரண்டு பிடிக்கும். கொத்தில் தொங்குபவை வெறும் உபரி அல்ல. எதை எப்போது எடுக்க வேண்டும் என்று ஊதுகிறவருக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கும்.

புளியங்குடிக்காரர் ஒருவர் பாம்புக்கோயில் சந்தையில் ரயிலேறித் தஞ்சைப் பக்கம் போய் வருவது ஒரு பயணம். உடைந்த சீவாளிக்கு உடனே மாற்று வாங்கும் தூரத்தில் திருவாவடுதுறை இல்லை. கையிருப்பைக் கண்போல் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் தெற்கத்திக் கலைஞர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது.

குழலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. விரல் வைத்து வாசிக்கும் ஏழு துளைகளைத் தவிர, அடிப்பக்கத்தில் மேலும் ஐந்து துளைகள் இருக்கும். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். சித்திரை வெயிலில் நாலு வீதி சுற்றி வரும்போது மெழுகு இளகும். அதைப் பெருவிரலால் அமுக்கிவிட்டு மேலே வாசித்துக்கொண்டே போக வேண்டும்.

இவ்வளவு முன்னெச்சரிக்கை ஏன் என்று கேட்டால், மேளம் நிற்கக் கூடாத தருணங்கள் நம் வாழ்க்கையில் இருக்கின்றன என்பதே பதில். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியாக வேண்டும். தும்மலோ அழுகையோ அபசகுனமான பேச்சோ யார் காதிலும் விழக் கூடாது. அந்த நேரத்தில் நாயனம் ஊமையாகிவிட்டால் அதை இசைக் குறையாக மட்டும் எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி ஆரம்பித்துவிட்டால், சப்பரம் தோளில் ஏறியபின், பாதியில் நிறுத்திவிட்டுச் சீவாளி தேடிக்கொண்டிருக்க முடியாது. பொறுப்பு பெரிது. ஆகவே ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்கும்படி மேளத்தின் அமைப்பையே வகுத்தார்கள்.

பெரிய மேளத்தில் இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், ஒத்து. ஒத்து என்பது விரல் துளைகள் இல்லாத குழல். ஆதார சுருதியை மட்டும் இடைவிடாமல் ஊதிக்கொண்டே இருப்பது அதன் வேலை. பெயர் விளம்பரத்தில் வராத, கைதட்டு கிடைக்காத வேலை. ஆனால் முதல் நாயனம் சீவாளி மாற்றும் அந்தச் சில நொடிகளில் தெருவில் நாதம் அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் ஒத்துக்காரர்தான். இரண்டாவது நாயனக்காரர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வார். ஆலாபனையின் நடுவே என்றால் தவில்காரர் ஒரு சொற்கட்டு வாசித்து இடத்தை நிரப்புவார். கேட்பவர்களுக்கு அது வழக்கமான தவில் வாசிப்பாகவே படும். இரட்டை இரட்டையாக ஆட்கள் இருப்பது ஆடம்பரத்துக்காக என்று நினைப்பவர்கள் இந்த உள்வேலையைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

நெல்லைச் சீமை பெருமையோடு சொல்லிக்கொள்ளும் காருகுறிச்சி அருணாசலமும் (1921–1964) இந்தப் பள்ளியில் வளர்ந்தவர்தான். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் (1898–1956) சீடராகச் சேர்ந்து, அவருக்கு இரண்டாவது நாயனம் வாசித்துத் தேறினார். இரண்டாவது நாயனம் என்பது சாதாரண இடமல்ல. குருவின் மூச்சு எங்கே முடியும், எங்கே அவர் சீவாளியை எடுத்துப் பார்ப்பார், எந்தச் சுரத்தில் விட்டுவிட்டு நம்மைப் பார்ப்பார் என்று ஒவ்வொரு நொடியும் விழித்திருக்க வேண்டிய இடம். பிறகு ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவருடைய நாயனத்தைத் தமிழ்நாடே கேட்டது. அந்த ஒட்டிப்போகும் பாங்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் வந்ததல்ல என்பது அவருடைய வாசிப்பைத் தொடர்ந்து கேட்பவர்களுக்குப் புரியும்.

ராஜரத்தினம் பிள்ளையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு சங்கதி உண்டு. பழைய திமிரி நாயனத்தில் சுத்த மத்யமம் தானாகச் சரியாகப் பேசாது. அது விபத்தல்ல, கருவியின் பிறவிக் குறை. தலைமுறை தலைமுறையாக நாயனக்காரர்கள் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் விரலைப் பாதி மூடியும் அந்தச் சுரத்தை ஒவ்வொரு முறையும் சம்பாதித்துக் கொடுத்தார்கள். சங்கராபரணம் வாசித்தாலும் தோடி வாசித்தாலும் இந்தப் போராட்டம் உண்டு. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1950களில் ராஜரத்தினத்துக்காகச் செய்துகொடுத்த பாரி நாதஸ்வரத்தில்தான் சுத்த மத்யமம் துளையிலேயே அமைந்தது. நீளம் கூடியது, சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. ஒரு வித்வானின் காதும் ஒரு தச்சரின் உளியும் சேர்ந்து பல நூறு பேரின் தினசரிச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தன. ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆசாரியின் பெயரும் அந்த அளவுக்குப் பரவ வேண்டும்.

இனி தோல். ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிடும். குற்றாலத்தில் சாரல் விழும்போது திருக்குற்றாலநாதர் கோவில் பிராகாரமே நனைந்து கிடக்கும். அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டமான அதே ஈரம் தவில்காரருக்குத் தலைவலி. தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டால் தொய்ந்துபோகும். கணீரென்று பேச வேண்டிய வலந்தலை மொத்து மொத்தென்று ஒலிக்கும். ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலில் பன்னிரண்டு நாள் திருவிழா இந்தப் பருவத்தில்தான் வருகிறது. கோமதி அம்மன் தபசுக் கோலத்தில் எழுந்தருளும் நாளில் வீதியில் எள் விழ இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்குள் காற்றையும் தூறலையும் தாங்கிக்கொண்டு தவில் பேச வேண்டும்.

பலா மரத்தைக் குடைந்து செய்த தவிலின் இரண்டு முகங்களையும் முன்பு தோல்வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். இறுக்குவது சுலபமல்ல. ஓர் ஆள் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னோர் ஆள் வாரை இழுக்க வேண்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போது வார் தளர்ந்தால் அங்கேயே முழுதாகச் சரிசெய்ய முடியாது. இருக்கிற இறுக்கத்துக்குத் தக்கபடி கையை மாற்றிக்கொள்வது ஒன்றே வழி. அடியை விளிம்பை நோக்கி நகர்த்துவார்கள், இடது கைக் கழியின் வேகத்தைக் கூட்டுவார்கள், மற்றத் தவில்காரரை முன்னே விட்டுத் தாம் சற்று அடங்குவார்கள். வலது கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளும் நம்பக்கூடியவை அல்ல. துணியைப் பசையில் தோய்த்து விரலைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துச் செய்யும் கூடு ஒரு வலுத்த அடியில் பிளந்துபோகலாம். அந்த விரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால் சொல்லை முடிக்கத் தெரிந்தவர்தான் தேர்ந்த தவில்காரர்.

ஈரத்துக்கு மருந்து நெருப்பு. இதைத் தவிலை விடவும் நன்றாக அறிந்தவை கொடைக் கோவில்களின் கருவிகள். சுடலைமாடன் கோவில் கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தில் அண்ணாவி பாட, இருவர் மகுடம் அடிப்பார்கள். வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய பறை அது. ஒன்று உச்சம், மற்றது மந்தம். இரண்டுக்கும் உள்ள சுருதி இடைவெளியில்தான் கூத்தின் உருவமே இருக்கிறது. பனி இறங்க இறங்க உச்சம் மந்தத்தை நோக்கிச் சரியும். உடனே பக்கத்தில் மூட்டிய நெருப்பில் தோலைக் காட்டிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, திரும்ப எடுத்துவந்து அடிப்பார்கள். கூடிவிட்டால் தோல் வெடிக்கும், குறைந்தால் பேசாது. எந்த நேரத்தில் நெருப்பைவிட்டு எடுக்க வேண்டும் என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. காதுதான் சொல்லும். ஒருவர் காய்ச்சப் போயிருக்கும்போது மற்றவர் ஒற்றை மகுடத்தில் ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டிருப்பார். பார்ப்பவர்களுக்கு நெருப்பைச் சுற்றி நிற்பதும் கூத்தின் ஓர் அங்கமே.

வில்லுப்பாட்டில் ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. பல அடி நீளமுள்ள வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். மணிகள் கோத்த வில்லின் நாணை வீசுகோலால் தட்டும் அதிர்வு குடத்துக்குள் இறங்கித்தான் முழக்கமாகிறது. குடத்துக்காரர் ஒரு கையால் பத்தி என்னும் மட்டையைக் குடத்தின் வாயில் அடித்தும் மறு கையால் வயிற்றில் தட்டியும் தாளம் சேர்ப்பார். நாண் அறுந்தாலும் சரி, குடத்தில் விரிசல் விழுந்தாலும் சரி, மொத்த அமைப்பும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். அப்போது உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் கைகொடுக்கும். அதைவிடப் பெரிய உதவி புலவரின் நாக்கு. கதையை நிறுத்தி வசனமாகப் பேசத் தொடங்கிவிடுவார். வில்லிசையில் பாட்டுக்கு இணையாகப் பேச்சும் இருப்பதால் பழுதை மறைக்க இதைவிட நல்ல திரை கிடையாது. திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்து சென்னையிலும் டெல்லியிலும் வில்லைக் கொண்டுபோய் நிறுத்திய சுப்பு ஆறுமுகம் (1928–2022) கதைக்கு நடுவே பேசிய பேச்சுகளைக் கேட்டால், பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையே எந்த நேரத்திலும் தாவக்கூடிய அந்த லாகவம் தெரியும்.

கிழக்கே எட்டயபுரத்துக்கு வயலின் வந்தது பாலுஸ்வாமி தீட்சிதரோடு. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பியான அவர் (1786–1858) ஐரோப்பியக் கருவியைக் கற்று, சமஸ்தான வித்வானாக எட்டயபுரத்தில் அமர்ந்தார். அந்தக் காலத்து வயலினில் ஆட்டுக்குடலால் திரித்த நரம்புக் கம்பிகள். ஈரம் பட்டால் ஊதும், வறண்டால் சுருங்கி அறுந்துபோகும். கரிசல் காட்டு வெயிலில் அவற்றைக் காப்பாற்றுவது எளிதாக இருந்திருக்காது. பின்னர் உலோகக் கம்பிகள் வந்தன. அவையும் அறுகின்றன. ஆனால் கர்நாடகக் கச்சேரியில் வயலின்காரர் கம்பி மாற்றிக்கொண்டிருக்கும்போது பாடகர் பாட்டை நிறுத்துவதில்லை. மிருதங்கம் தொடரும், தம்புரா மீட்டிக்கொண்டே இருக்கும். முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்க்கும் சத்தத்தைச் சபை பொறுத்துக்கொள்ளும்.

தூத்துக்குடியில் 1957இல் நடந்தது இன்னும் கடுமையானது. பாடகர் வி.வி. சடகோபனுக்குப் பக்கவாத்தியமாக ஒரு சிறுவன் முதல்முறை மேடையேற வந்தான். கச்சேரிக்கு முன்பே அவனுடைய கடம் உடைந்துபோனது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ‘சக்தி’ குழுவோடு உலக மேடைகளில் வாசித்த விக்கு விநாயக்ராம். மண்ணால் செய்த வாத்தியம் உடையத்தான் செய்யும். அதைச் சகுனக் குறையாக்கி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் இருந்த பெரியவர்களின் மனதைப் பாராட்ட வேண்டும்.

கடல் கடந்த கதைகளோடு இவற்றை வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில் 1986 ஜூலையில் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய இசைநிகழ்வில் பதினான்கு வயது மிடோரியின் வயலின் கம்பி அறுந்தது. முதல் வரிசைக் கலைஞரின் வயலினை வாங்கி வாசித்தாள். அதிலும் கம்பி அறுந்தது. மூன்றாவது வயலினில் முடித்தாள். மறுநாள் அது பத்திரிகைச் செய்தியானது. ஜெர்மனியின் கொலோன் நகர இசை நாடக அரங்கில் 1975 ஜனவரி 24 அன்று பியானோக் கலைஞர் கீத் ஜாரட்டுக்குக் கிடைத்தது அவர் கேட்ட பெரிய பியானோ அல்ல. ஒத்திகைக்கு வைத்திருந்த சிறிய பியானோ, மேல் சுரங்கள் ஒலி மெலிந்து, மிதிகட்டைகள் ஒழுங்காக வேலை செய்யாமல் கிடந்தது. சுருதி சேர்ப்பவர்கள் முடிந்தவரை சரிசெய்தார்கள். ஜாரட் நடுப்பகுதிச் சுரங்களிலேயே பெரும்பாலும் தங்கி, இடது கையில் ஒரே கோவையைத் திரும்பத் திரும்ப உருட்டி, இரவு வெகுநேரம் கழித்து வாசித்தார். அந்த ஒலிப்பதிவு உலகமெங்கும் விற்றது. பியானோக்காரர் தம் கருவியைத் தோளில் சுமந்து வர முடியாது. ஊருக்கு ஊர் அங்கே இருப்பதைத்தான் வாசித்தாக வேண்டும், பழுது பார்க்க இன்னொருவரை நம்ப வேண்டும். அங்கே தனி ஒருவரின் சாமர்த்தியம் கதையானது. இங்கே அந்தச் சாமர்த்தியம் ஆறேழு பேருக்குள் பிரிந்து கிடப்பதால் அது செய்தியாகவே ஆவதில்லை.

செய்தியாகாமல் போனவர்களில் தோல் வேலைக்காரர்கள் முதன்மையானவர்கள். மிருதங்க வித்வான் மேடையில் கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டிச் சுருதி சேர்ப்பதைச் சபை பார்க்கிறது. தோலைத் தேர்ந்தெடுத்து, மூட்டடித்து, கருஞ்சோறு போட்டு, வாரிழுத்துக் கொடுத்தவர் மேடைக்கு வருவதில்லை. அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் மிருதங்கம் செய்யும் குடும்பங்களைத் தேடிப்போய் எழுதியது. தென்காசிப் பக்கத்துத் தவிலுக்கும் பம்பைக்கும் உறுமிக்கும் மகுடத்துக்கும் தோல் மாட்டிக் கொடுத்தவர்களைப் பற்றியும் அப்படி ஒரு நூல் வேண்டும். கொடைக்கு முந்தின நாள் இரவில் கிழிந்த தோலோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டாத மேளக்காரர் இருக்க முடியாது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தவிலுக்குத் தோல்வாருக்குப் பதிலாக இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்துவிட்டன. தளர்ந்தால் ஸ்பேனரை எடுத்துத் திருகினால் போதும், மிதித்துப் பிடிக்க இரண்டாவது ஆள் தேவையில்லை. பறைக்கும் பல இடங்களில் ஃபைபர் போர்த்தியாயிற்று. மழைக்கும் பனிக்கும் அது அசையாது, நெருப்பும் வேண்டாம். கலைஞரின் உடல் சிரமம் குறைந்தது உண்மை, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் காய்ச்சிய தோலின் ஒலியை அறிந்த காதுக்கு ஃபைபரின் சத்தம் உறைப்பாகவும் வெறுமையாகவும் படுகிறது.

ஒத்துக்காரரின் இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்துவிட்டது. மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓயாமல் ஒலிக்கும், மூச்சு வாங்காது. ஆனால் முதல் நாயனக்காரர் சீவாளியோடு மல்லுக்கட்டுவதை அது பார்க்காது. செங்கோட்டையைத் தாண்டி வரும் செண்டை மேளங்கள் கொடைப் பணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, ஊர் மேளத்துக்கு மிஞ்சுவதில் முழு செட்டைக் கூட்டிவருவது கட்டுப்படியாவதில்லை. பல கோவில்களில் இப்போது ஒற்றை நாயனம், ஒற்றைத் தவில், ஒரு பெட்டி. சீவாளி அடைத்துக்கொண்டால் விட்ட இடத்தைப் பிடிக்க இரண்டாவது நாயனம் இல்லை. தவில்காரர் மட்டும் தனியே சொற்கட்டுகளை அடுக்கி நேரத்தை ஓட்டுகிறார்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்றுத் தரப்படுகின்றன. மல்லாரியும் கீர்த்தனையும் அங்கே கிடைக்கும். சீவாளியைச் சீவிப் பதப்படுத்துவது, மெழுகு வைப்பது, கூடு கட்டுவது, தோல் மாட்டுவது, கூட்டத்தின் நடுவே கருவி கெட்டால் யார் எப்படி இடம் கொடுப்பது என்ற பாடங்களைக் கோவில் வாசலில் வயதான கலைஞர்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் இளையவர்கள் இதுவரை கற்றார்கள். பக்கத்தில் நிற்க வேண்டிய இரண்டாவது நாயனத்துக்கும் ஒத்துக்கும் கோவில்கள் திரும்பவும் சம்பளம் ஒதுக்கினால், அந்தப் படிப்புக்கு வேறு பள்ளிக்கூடம் கட்ட வேண்டியதில்லை.